ஒரு பிடி கடல்மண், அதில் பல வெப்பமானிகள்: எதை நம்பி அளப்பது?

கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, அதாவது சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், கடலின் மேற்பரப்பு இன்றைவிட எவ்வளவு குளிர்ந்திருந்தது? மார்கோ என்ற பன்னாட்டுத் திட்டம் 2009இல் சொன்ன விடை, உலக சராசரியாக ஏறக்குறைய 1.9 டிகிரி செல்சியஸ். காலநிலை ஆய்வாளர் ஜெசிகா டியர்னியும் அவருடைய குழுவினரும் 2020இல் சொன்ன விடை, ஏறக்குறைய 3.1 டிகிரி. இரு தரப்பும் நம்பியிருந்தது பெரும்பாலும் கடலடி வண்டலைத்தான். விடைகள் மட்டும் ஒரு டிகிரிக்கும் மேல் தள்ளி நிற்கின்றன.

ஒரு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. பனியுகத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 190 பிபிஎம் (பத்து லட்சத்தில் 190 பங்கு) அளவில் இருந்தது, தொழிற்புரட்சிக்கு முன் 280 பிபிஎம் என்பது அண்டார்க்டிகப் பனியில் சிக்கிய காற்றுக் குமிழிகளிலிருந்து நன்றாகவே தெரியும். பனிப்படலங்கள் எவ்வளவு பரந்திருந்தன என்பதும் ஓரளவு தெரியும். இவற்றோடு 'பூமி எவ்வளவு குளிர்ந்தது' என்பதையும் சேர்த்தால், கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கிடலாம். பூமியின் பெரும்பகுதி கடல். ஆகவே கடல் 1.9 டிகிரி குளிர்ந்ததா, 3.1 டிகிரி குளிர்ந்ததா என்பது நம் வருங்காலக் கணக்கைத் தொடுகிற கேள்வி.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம், யார் எந்த வெப்பமானியை எடுத்தார்கள் என்பது. மார்கோவின் 696 பதிவுகளில் பெரும்பங்கு, வண்டலில் எந்த நுண்ணுயிரி எத்தனை கிடக்கிறது என்று எண்ணிக் கணித்தவை. டியர்னியின் குழு அவற்றை ஒதுக்கிவிட்டு வேதியியல் அளவீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. கிடைத்த எண்களை ஒரு காலநிலை மாதிரியோடு (கணினியில் இயங்கும் கணித உருவகத்தோடு) இணைத்தது.

ஒரு வண்டல் கோரை, அதாவது கடலடியிலிருந்து குழாயால் எடுத்த மண் உருளையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த முறையில் அளப்பது என்று யோசிப்பவருக்கும், பிறர் வரைந்த வளைகோடுகளில் எதை நம்புவது என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கும் இந்த ஒப்பீடு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரைகளில் அச்சாகும் 'பிழை ±1.5 டிகிரி' என்ற எண்ணைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இந்த வெப்பநிலையைப் பதிவு செய்தது எந்த உயிர், எந்த மாதத்தில், எத்தனை மீட்டர் ஆழத்தில் என்று கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முறைக்கு முன்னால் மண்

ஆழ்கடலில் வண்டல் படிவது மிக மெதுவாக. பல இடங்களில் 1,000 ஆண்டுக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர்தான் சேரும். அதோடு கடலடியில் வாழும் புழுக்களும் சிறு உயிர்களும் மேல்மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கின்றன. கிளறலின் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அப்படிப்பட்ட இடத்தில் எடுக்கும் ஒரு சென்டிமீட்டர் துண்டில் 2,000 முதல் 5,000 ஆண்டுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அந்த மண்ணில் எவ்வளவு உயர்ந்த கருவியை வைத்து அளந்தாலும், பனியுகம் முடிகிற நேரத்தில் சில நூறு ஆண்டுகளுக்குள் நடந்த திடீர் மாற்றங்கள் தெரியவே தெரியாது. கண்டத்தின் விளிம்பில், ஆயிரம் ஆண்டுக்கு 20, 30 சென்டிமீட்டர் படிகிற இடத்தில் கதை வேறு. ஆக, கேள்வி என்ன, இந்தக் கோர் அதைத் தாங்குமா என்பது முதல் முடிவு. பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

காலம் கணிப்பதும் அப்படித்தான். ரேடியோகார்பன் முறையில், சுண்ணாம்பு ஓடு கட்டும் ஒற்றைச் செல் உயிர்களான மிதவை ஃபோராம்களின் ஓடுகளை அளப்பார்கள். கடல்நீரிலுள்ள கார்பன் காற்றிலுள்ளதைவிடப் பல நூறு ஆண்டுகள் 'வயது' கூடியது, அதைக் கழிக்க வேண்டும். அந்தக் கழிவு இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். வெப்பநிலை சரியாக இருந்து தேதி தவறினால், எது முன், எது பின் என்ற கேள்விக்கே விடை புரண்டுவிடும்.

எண்ணிப் பார்க்கும் முறை

மிகப் பழைய முறை இது. 1971இல் ஜான் இம்ப்ரியும் நில்வா கிப்பும் இதைக் கணிதமாக்கினார்கள். மண்ணைக் கழுவி, 150 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட ஓடுகளை எடுத்து, குறைந்தது 300 ஃபோராம்களையாவது இனம் பிரித்து எண்ணுவது. இன்று எந்தக் கடலில் இதே கலவை கிடக்கிறதோ, அந்தக் கடலின் வெப்பநிலைதான் அன்றைக்கும் இங்கே இருந்திருக்கும் என்று முடிவு செய்வது. நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் போதும். வேறெந்த முறையும் இவ்வளவு எளிதில் நூற்றுக்கணக்கான கோர்களுக்குப் பரவவில்லை.

இந்த முறையை வைத்துத்தான் கிளைமேப் திட்டம் 1976இலும் 1981இலும் பனியுகக் கடலின் முதல் உலக வரைபடங்களைத் தந்தது. வட அட்லாண்டிக் கடுமையாகக் குளிர்ந்திருந்தது என்ற அதன் முடிவு பெருமளவு நிலைத்துவிட்டது. வெப்பமண்டலத்தில்தான் சிக்கல். அங்கே கடல் பெரிதாகக் குளிரவே இல்லை, பசிபிக்கின் நடுப் பகுதிகளில் இன்றைவிடச் சற்றுச் சூடாகக்கூட இருந்தது என்று அந்த வரைபடம் காட்டியது. ஆனால் அதே வெப்பமண்டலத்தின் மலைகளில், நியூ கினியிலும் ஹவாயிலும் ஆண்டிஸிலும், பனிக்கோடு (ஆண்டு முழுவதும் பனி நிற்கும் கீழெல்லை) ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கீழிறங்கி இருந்ததற்குப் பனியாறுகள் தடயம் விட்டுப் போயிருக்கின்றன. கடல் குளிராமல் மலை மட்டும் அவ்வளவு குளிர்வது எப்படி? 1985இல் இந்த முரண்பாடு வெளிப்படையாக எழுப்பப்பட்டது. 1994இல் பார்படோஸ் பவளங்களின் வேதியியலைப் பார்த்தவர்கள், அங்கே கடல் 5 டிகிரி குளிர்ந்திருந்தது என்றார்கள். ஒருபக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம், மறுபக்கம் ஐந்து.

எண்ணும் முறை ஏன் வெப்பமண்டலத்தில் தடுமாறுகிறது? ஃபோராம்கள் வெப்பநிலையை மட்டும் பார்த்து வாழ்வதில்லை. உணவு எவ்வளவு, சூடான மேல்நீர் எத்தனை மீட்டருக்கு நீள்கிறது என்பதும் கலவையை மாற்றும். ஆழத்தில் வாழும் இனங்களும் அதே எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகின்றன. இன்றைய கடல் எதிலும் இல்லாத ஒரு கலவை பனியுகத்தில் இருந்தால், ஒப்பிடவே ஆளில்லை. போதாததற்கு, ஆழமான பசிபிக்கில் மெல்லிய ஓடுகள் முதலில் கரைந்துவிடும், தடித்தவை மிஞ்சும். மிஞ்சியதை எண்ணினால் அது உயிர்களின் கணக்காக இருக்காது, கரையாமல் தப்பியவற்றின் கணக்காகத்தான் இருக்கும்.

அதனால் இந்த முறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நடு அட்சரேகைகளிலும் வட அட்லாண்டிக்கிலும், இனங்கள் தெளிவாக மாறுகிற எல்லைப் பகுதிகளிலும், இது இன்னும் வலுவான சாட்சி. தென்பெருங்கடலில் சுண்ணாம்பு ஓடுகள் அரிது, அங்கே சிலிக்கா ஓடுடைய பாசிகளான டயாட்டம்களை எண்ணுவதே பல நேரம் ஒரே வழி. வெப்பமண்டலப் பசிபிக்கில் மட்டும் இதைத் தனியாக நம்ப நான் தயாராக இல்லை.

அல்கினோன்: இரண்டு முகடுகளின் கதை

எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற ஒற்றைச் செல் பாசி, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதுவும் அதன் நெருங்கிய உறவினமான ஜெஃபைரோகாப்சாவும் அல்கினோன் என்ற 37 கார்பன் கொண்ட நீளமான கொழுப்பு மூலக்கூறுகளைத் தயாரிக்கின்றன. தண்ணீர் குளிர்ந்தால் மூன்று இரட்டைப் பிணைப்பு உள்ளவை கூடும், சூடானால் இரண்டு உள்ளவை கூடும். இந்த இரண்டின் விகிதமே வெப்பமானி. 1980களின் நடுவில் இது கையாளப்படத் தொடங்கியது. 1998இல் உலகெங்கும் இருந்து சேகரித்த மேல்மண்ணை வைத்து வந்த சமன்பாடு எளிமையானது: விகிதம் = 0.033 × வெப்பநிலை + 0.044.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். சில கிராம் உலர்ந்த மண்ணை எடுத்துக் கரைப்பானில் கொழுப்பைப் பிரித்து, வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தினால், திரையில் முகடுகள் வரிசையாக எழும். மூன்று பிணைப்பு முகடு முதலில் வரும், இரண்டு பிணைப்பு முகடு அதை ஒட்டியே வரும். 25 டிகிரி கடலில் விகிதம் 0.87. அதாவது முதல் முகடு மொத்தத்தில் 13 சதவீதம், தாராளமாகத் தெரியும். 28 டிகிரியில் விகிதம் 0.97. முதல் முகடு வெறும் 3 சதவீதம். பெரிய முகட்டின் காலடியில் ஒரு சின்ன மேடு. அதன் அடிக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பதிலேயே விடை அசையும். 29 டிகிரிக்குக் கிட்டே போனால் விகிதம் ஒன்றை எட்டிவிடும், அதற்கு மேல் இந்த வெப்பமானியால் ஒன்றும் சொல்ல முடியாது. சூடான பகுதியில் கோடு நேராகப் போகாமல் சரிவு குறைகிறது என்பதை 2018இல் வந்த புதிய அளவுத்திருத்தம் (விகிதத்தை டிகிரியாக மாற்றும் சமன்பாடு) கணக்கில் எடுத்துக்கொண்டது. அதன்படி 24 டிகிரிக்கு மேல் பிழை வரம்பு அகலமாகிக்கொண்டே போகும்.

அல்கினோனின் பெரிய பலம், உப்புத்தன்மையும் ஓடு கரைவதும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்பது. பாசிக்கு ஒளி வேண்டும், எனவே பதிவு நிச்சயமாக மேல்நீருடையதுதான். ஐபீரியக் கரையோரக் கடலில் பனிமலைகள் உடைந்து மிதந்து வந்த காலங்களின் திடீர்க் குளிரை இது அழகாகப் பிடித்திருக்கிறது.

பலவீனமும் பெரியதுதான். இந்த மூலக்கூறுகள் மிக நுண்ணிய மண்துகள்களோடு ஒட்டிப் பயணிக்கின்றன. நீரோட்டம் அவற்றை வேறெங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டலாம். வட அட்லாண்டிக்கின் பெர்முடா மேட்டில், ஒரே அடுக்கில் கிடந்த ஃபோராம்களையும் அல்கினோன்களையும் தனித்தனியே ரேடியோகார்பனில் அளந்தபோது, அல்கினோன்கள் 7,000 ஆண்டுகள் வரை பழையவையாக இருந்தன. இதைப் படித்த பிறகு, நீரோட்டம் மண்ணைக் குவிக்கும் இடங்களிலிருந்து வரும் அல்கினோன் வளைகோடுகளை நான் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பேன். குளிர்ந்த உயர் அட்சரேகைகளில் வேறொரு சிக்கல். பாசி அங்கே முக்கியமாகக் கோடையில்தான் பெருகும், பதிவாவதும் கோடைதான்.

மெக்னீசியம்: ஓட்டுக்குள் இருக்கும் வெப்பமானி

ஃபோராம் தன் சுண்ணாம்பு ஓட்டைக் கட்டும்போது, கால்சியத்தின் இடத்தில் கொஞ்சம் மெக்னீசியமும் நுழைந்துவிடும். நீர் சூடாக இருந்தால் அதிகம் நுழையும். டிகிரிக்கு ஏறக்குறைய 9 சதவீதம் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. அந்தக் கணக்கில் 25 டிகிரியில் ஒரு மோல் கால்சியத்துக்கு 3.6 மில்லிமோல் மெக்னீசியம் என்றால், 28 டிகிரியில் 4.7. அதிவேகமாக ஏறும் வளைகோடு என்பதால், அல்கினோன் தடுமாறுகிற அதே சூட்டில்தான் இது கூர்மையாகிறது. குளிர்ந்த நீரில் நிலைமை தலைகீழ்: டிகிரிக்கு மாறும் அளவு சிறுத்துவிடும், மற்ற காரணிகள் மேலோங்கும்.

வேலை நுணுக்கமானது. மண்ணை 63 மைக்ரான் சல்லடையில் கழுவிக் காயவைத்தால் மிஞ்சுவது வெண்மணல். அதை 250க்கும் 355க்கும் இடைப்பட்ட மைக்ரான் அளவில் சலித்து, தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் ஈரமான மெல்லிய தூரிகை நுனியால் ஒரே இனத்தின் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டெடுக்க வேண்டும். குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் இனத்தின் வெள்ளை வடிவம் என்றால் 30 முதல் 50 ஓடுகள். ஓர் ஓட்டின் எடை ஏறக்குறைய 10 மைக்ரோகிராம், முப்பதையும் சேர்த்தாலும் ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு வராது. அந்த ஓடுகளைக் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்ல நொறுக்கி அறைகளைத் திறந்து, நீரிலும் மெத்தனாலிலும் பலமுறை அலசி, ஹைட்ரஜன் பெராக்சைடில் சுத்தம் செய்ய வேண்டும். காரணம் களிமண். களிமண்ணில் மெக்னீசியம் ஏராளம். உள்ளறையில் ஒட்டிக்கொண்ட ஒரு துளி களிமண் போதும், பனியுகக் கடல் இன்றைய கடலைவிடச் சூடாகிவிடும். அலுமினியத்தையும் இரும்பையும் கூடவே அளந்தால் சுத்தம் சரியாக நடந்ததா என்று தெரியும். அலுமினிய எண் தராத மெக்னீசியக் கட்டுரையை நான் நம்புவதில்லை.

சுத்தத்துக்கு அப்புறமும் மூன்று சங்கடங்கள். ஆழமான கடலடியில் ஓடு கரையத் தொடங்கினால் மெக்னீசியம் நிறைந்த பகுதியே முதலில் போகும், வெப்பநிலை உண்மையைவிடக் குளிராகத் தெரியும். உப்புத்தன்மை கூடினால் மெக்னீசியமும் சற்றுக் கூடும். பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கடல் முழுவதுமே சற்று உப்புக் கூடியிருந்தது என்பதால் இது விடையைச் சூடான பக்கம் தள்ளும். மூன்றாவது கார அமிலத்தன்மை, அதாவது பிஎச். காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருந்ததால் பனியுகக் கடலின் பிஎச் உயர்ந்திருந்தது, அது மெக்னீசியத்தைக் குறைத்து விடையைக் குளிர்ந்த பக்கம் தள்ளும். இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் வெப்பநிலைக்கான தனி விளைவு டிகிரிக்கு 9 அல்ல, 6 சதவீதத்துக்கு அருகில் என்பது சமீபத்திய கணிப்பு. நல்ல வேளையாக, பனியுகத்தின் கார்பன் டை ஆக்சைடு அளவு தெரிந்த எண், எனவே பிஎச் மாற்றத்தை மதிப்பிட்டுத் திருத்த முடியும். திருத்தாமல் விடுவதற்கு இன்று சாக்கில்லை.

இந்த முறையை வைத்து 2000இல் டேவிட் லீயும் சகாக்களும் நிலநடுக்கோட்டுப் பசிபிக் 2.8 டிகிரி, கூட்டியோ குறைத்தோ 0.7, குளிர்ந்திருந்தது என்றார்கள். கிளைமேப்பின் பூஜ்யத்துக்கும் பார்படோஸின் ஐந்துக்கும் நடுவே. பின்னர் வந்த பல அளவீடுகள் இந்த வட்டாரத்திலேயே நிற்கின்றன.

ஆக்சிஜன், ஆர்க்கியா, பவளம்

இந்தத் துறையே ஆக்சிஜன் ஐசோடோப்பில்தான், அதாவது கனமான ஆக்சிஜன்-18க்கும் லேசான ஆக்சிஜன்-16க்கும் உள்ள விகிதத்தில்தான், பிறந்தது. 1947இல் ஹெரால்ட் யூரி கொள்கையைச் சொன்னார். 1955இல் செசாரே எமிலியானி கடலடிக் கோர்களில் அளந்து பனியுகங்களின் ஏற்ற இறக்கத்தைக் காட்டினார். அவர் அதைப் பெரும்பாலும் வெப்பநிலை என்று படித்தார். 1967இல் நிக்கலஸ் ஷாக்கிள்டன், அதில் பெரும்பங்கு நிலத்தில் குவிந்த பனியின் கணக்கு என்று நிறுவினார். எண்ணில் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். ஒரு டிகிரி குளிர்ந்தால் ஓட்டின் ஆக்சிஜன்-18 ஆயிரத்துக்கு 0.2 பங்கு அளவுக்குக் கூடும். லேசான ஆக்சிஜன் பனியில் அடைபட்டதால், பனியுகத்தில் கடல்நீர் முழுவதிலுமே அது ஆயிரத்துக்கு 1 பங்கு கூடியிருந்தது. பனியை மறந்து படித்தால், இல்லாத நாலைந்து டிகிரி குளிர் தோன்றிவிடும்.

ஆகவே ஆக்சிஜனைத் தனி வெப்பமானியாக எடுக்கக் கூடாது. ஆனால் மெக்னீசியத்துக்குத் துணையாக இதைவிட நல்லது கிடையாது. அதே மண்துண்டிலிருந்து பொறுக்கிய ஓடுகள், அதே பருவம், அதே ஆழம். மெக்னீசியம் வெப்பநிலையைச் சொல்லும், அதைக் கழித்தால் மிஞ்சுவது நீரின் ஐசோடோப்பு, அதிலிருந்து மழையும் ஆவியாதலும் பற்றிய செய்தி. கூடுதல் செலவு மிகக் குறைவு.

ஆர்க்கியா என்னும் நுண்ணுயிரிகளின் கொழுப்பை அளக்கும் டெக்ஸ்-86 முறை 2002இல் வந்தது. சுண்ணாம்பு இல்லாத இடத்திலும், அல்கினோன் ஒன்றை எட்டிவிட்ட சூட்டிலும் இது கைகொடுக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய, மிகச் சூடான கடல்களுக்கு இது இன்றியமையாததும்கூட. ஆனால் இந்த உயிரிகள் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றி வாழ்பவை. அவற்றுக்கு ஒளி தேவையில்லை, அடர்த்தியாக இருப்பதும் மேற்பரப்புக்குக் கீழே பத்துக்கணக்கான, சில இடங்களில் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில். மேற்பரப்பு என்று தலைப்பிட்டு இதைத் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. பனியுகம் முடிந்த பிறகான சின்ன மாற்றங்களுக்கு இதன் பிழை வரம்பு ரொம்பவே பெரியது.

பவளத்தில் ஸ்ட்ரான்ஷியம்-கால்சியம் விகிதம் மாதம் மாதமாகக்கூடப் படிக்க முடியும். அந்தத் துல்லியம் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் ஒரு பவளம் சில பத்து அல்லது நூறு ஆண்டுகளுக்கான ஜன்னல் மட்டுமே, 20,000 ஆண்டுத் தொடர்கதை அதில் கிடைக்காது. கனமான ஐசோடோப்புகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் அளவைப் பார்க்கும் கொத்து ஐசோடோப்பு முறைக்கு நீரின் ஐசோடோப்பு தெரிய வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் அது கேட்கும் ஓட்டின் அளவு அதிகம், ஓரிரு டிகிரி மாற்றத்தைப் பிரித்துச் சொல்ல இன்னும் கஷ்டப்படுகிறது.

எந்தப் பருவத்தின் வெப்பநிலை?

முறைகளின் குணம் தெரிந்துவிட்டது. இனி கேள்வியின் அளவைப் பார்க்க வேண்டும், எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

பனியுகத்துக்கும் இன்றைக்கும் இடையிலான மாற்றம் சில டிகிரி. கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றமோ உலக சராசரியில் அரை டிகிரி அளவில். முதல் கேள்விக்குப் போதுமான வெப்பமானி இரண்டாவது கேள்விக்குப் போதாது. ஒரே கோரில், ஒரே முறையில், மேலும் கீழும் அளந்து கழிக்கும்போது அளவுத்திருத்தத்தின் பொதுப் பிழை பெருமளவு கழிந்துவிடும் என்பது உண்மை. கழியாதது பருவம்.

சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்தது வட அரைக்கோளத்தின் கோடையில். இன்று அது ஜனவரியில் நடக்கிறது. எனவே அன்றைக்கு வடக்கில் கோடை வெயில் இன்றைவிட வலுவாகவும் குளிர்கால வெயில் பலவீனமாகவும் இருந்தன. கோடையில் மட்டும் பெருகும் ஒரு பாசி அன்றிலிருந்து இன்றுவரை தொடர்ந்து 'குளிர்ச்சி' என்றே எழுதிக்கொண்டு வரும், ஆண்டுச் சராசரி அசையாமல் இருந்திருந்தாலும்.

2013இல் ஷான் மார்காட்டும் சகாக்களும் 73 பதிவுகளைச் சேர்த்து, பூமி சுமார் 5,000 ஆண்டுகளாகக் குளிர்ந்து வந்து, மொத்தம் 0.7 டிகிரி இறங்கியது என்று காட்டினார்கள். காலநிலை மாதிரிகளோ அதே காலத்தில் மெதுவான வெப்பமேற்றத்தைக் காட்டின. 2014இல் இந்த முரண்பாடு ஒரு புதிராகவே பெயர் பெற்றது. 2021இல் சமந்தா போவாவும் சகாக்களும் ஒரு பருவத்தை மட்டும் பதிவு செய்வதால் வரும் சாய்வைக் கழித்துப் பார்த்தால் ஆண்டுச் சராசரி ஏறித்தான் வந்திருக்கிறது என்றார்கள். அதே ஆண்டு மேத்யூ ஆஸ்மனும் டியர்னியும் உள்ளிட்ட குழு 539 பதிவுகளை மாதிரியோடு இணைத்து, கடந்த 9,000 ஆண்டுகளில் சுமார் அரை டிகிரி ஏற்றம் என்று கண்டது. விவாதம் முடிந்தபாடில்லை. ஆனால் அல்கினோனும் மெக்னீசியமும் ஒரே இடத்தில் எதிரெதிர்த் திசை காட்டும்போது, ஒன்று பொய், ஒன்று மெய் என்று தீர்ப்பெழுதுவது அவசரம். இரண்டு உயிர்கள் இரண்டு பருவங்களைப் பதிவு செய்திருக்கலாம். அந்த வித்தியாசமே ஒரு செய்தி.

சரி, எதை எடுப்பது?

இன்று 28 டிகிரிக்கு மேலிருக்கும் வெப்பமண்டலக் கடல், கோர் எடுத்த இடம் மிக ஆழமில்லை, ஓடுகள் நல்ல நிலையில் இருக்கின்றன என்றால், தயங்காமல் மெக்னீசியமும் ஆக்சிஜனும். நடு அட்சரேகையில், 10 முதல் 24 டிகிரி வரை மாறும் கடலில், நீரோட்டம் மண்ணைக் குவிக்காத இடம் என்றால், அல்கினோன். அடிநீர் மேலெழும் கடல்களில் ஒன்றை மட்டும் எடுப்பது ஆபத்து, அங்கே ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு பருவத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. துருவத்தை ஒட்டிய கடலில் எண்ணும் முறையே முதல் துணை, வேதியியல் அதற்குப் பின்.

பணமும் நேரமும் ஒரே முறைக்குத்தான் போதும் என்பவரிடம், அடுக்குகளைப் பாதியாகக் குறைத்து இரண்டு முறைகளில் அளக்கச் சொல்வேன். ஒரே முறையில் நெருக்கமாக அளந்த 200 புள்ளிகளைவிட, ஒரே சென்டிமீட்டர்களில் இரண்டு தனி உயிர்களிடம் கேட்டு வாங்கிய 100 ஜோடிகள் எனக்குப் பெரிது. முதலாவதில் வளைகோடு அழகாக இருக்கும், தவறு இருந்தால் காட்டிக்கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. திடீர் மாற்றத்தின் தேதியைப் பிடிப்பதே கேள்வி என்றால் நெருக்கமான புள்ளிகள் வேண்டும், அங்கே இந்தப் பரிமாற்றம் செல்லாது.

சொந்தமாக அளக்காமல், தயாராகக் கிடைக்கும் உலக வரைபடத்தை எடுத்துப் பயன்படுத்துபவருக்கு வேறு எச்சரிக்கை. ஆஸ்மன் குழுவின் 24,000 ஆண்டு வரைபடம் போன்றவை கடலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணைத் தருகின்றன. தரவு அடர்த்தியாக உள்ள கரையோரங்களில் அந்த எண் பெரும்பாலும் மண்ணின் சொல். கோர் அரிதான தென் பசிபிக்கின் நடுவிலோ அது பெரும்பாலும் மாதிரியின் சொல். உலக சராசரி, பரந்த போக்கு, சூழல் விளக்கம் இவற்றுக்கு இவை சிறந்தவை, நானும் முதலில் அவற்றைத்தான் திறப்பேன். ஆனால் ஒரு காலநிலை மாதிரியின் தரத்தைச் சோதிக்க, இன்னொரு மாதிரி கலந்த வரைபடத்தை அளவுகோலாக வைத்தால் அது மாதிரியோடு மாதிரியை ஒப்பிடுவதாகத்தான் முடியும். அந்த வேலைக்குக் கலக்காத மூலப் பதிவுகள், அவை கிடைத்த இடங்களில் மட்டும். மார்கோ போன்ற, கட்டங்களை வெறுமையாகவே விட்டுவைக்கும் தொகுப்புகளின் மதிப்பு இங்கேதான்.

கடைசியாகக் கோரைக் கையிலெடுப்பவருக்கு வேலையின் வரிசை. துண்டை உறைய வைத்து உலர்த்திய உடனே, கழுவுவதற்கு முன்னால், பிரித்துவிடுங்கள். பாதி தொடாமல் குளிரில் இருக்கட்டும், கண்ணாடிக் குப்பியில், ஏனென்றால் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் சேர்மங்கள் கொழுப்பு அளவீட்டைக் கெடுக்கும். மீதியில் ஒரு பங்கு கரைப்பானுக்கு, ஒரு பங்கு சல்லடைக்கு. சல்லடையில் மிஞ்சியதை முதலில் எண்ணி முடித்துவிட்டு அப்புறம் ஓடுகளைப் பொறுக்குங்கள். வரிசை மாறினால் எண்ணிக்கை கெட்டுவிடும். முடிவை எழுதும்போது டிகிரியோடு விகிதத்தையும் அட்டவணையில் தாருங்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் அளந்த அல்கினோன்களை 2018இன் புதிய வளைகோட்டில் மறுபடி கணக்கிட முடிந்தது, அன்றைக்கு அளந்தவர்கள் 0.87 என்ற விகிதத்தையும் விட்டுச் சென்றிருந்ததால்தான்.